புண் ஆறுவதைப் பார்க்கப் பிடித்தவர்

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே 'தியாகச் சுடர்' என்று போடும்படி என் மகன் அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தான். சரிபார்க்கத் தாள் வீட்டுக்கு வந்தபோது நான்தான் அதை அடித்துவிட்டு, 'நர்ஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவனுக்கு வருத்தம். "பெரியம்மாவுக்கு இது போதுமாம்மா?" என்று கேட்டான். போதும். அக்கா இருந்திருந்தால் அந்தத் தாளைச் சுருட்டி அவன் தலையிலேயே ஒன்று போட்டிருப்பார்.

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவோடு வார்டில் நின்றவர்களுக்கும் என் வணக்கம். உங்களில் பலர் அக்காவைப் பற்றி ஒரு கதை கேட்டிருப்பீர்கள். பாவம், முகமெல்லாம் அம்மைத் தழும்பு, எந்த மாப்பிள்ளையும் வரவில்லை, வேறு வழியில்லாமல் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள் என்பது அந்தக் கதை. அதைக் கிளப்பிவிட்டது ஊரார் இல்லை, எங்கள் குடும்பம்தான். ஐம்பது வருடமாக நானும் அதற்குத் தலையாட்டி வந்திருக்கிறேன். இன்று நான் திருத்தாவிட்டால் பிறகு திருத்த ஆள் கிடையாது.

அக்கா சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில், எங்கள் வீட்டிலேயே பிறந்தவர். அப்பா பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அக்காவுக்கு இரண்டு வயது இளையவள் நான். எங்களுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்தவன் தம்பி. அக்காவுக்கு எட்டு வயதில் பெரியம்மை போட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்று இருந்துவிட்டார்கள். முகத்தைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

யுத்த காலத்தில், எனக்குப் பதின்மூன்று வயது நடக்கையில், அம்மை என்னைப் பிடித்தது. அந்த நாளில் அம்மை போட்ட வீட்டுக்கென்று ஒரு முறை உண்டு. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது. படுத்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஆத்தாளே வந்து இறங்கியிருக்கிறாள் என்று எண்ணம். ஏற்கெனவே அம்மை போட்டு எழுந்தவர்தான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தவர் அக்கா ஒருவர்தான். பதினைந்து வயதுப் பெண்ணிடம் என்னை ஒப்படைத்துவிட்டு அம்மா அடுத்த அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அக்கா முதலில் செய்த காரியம், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து என் இரண்டு கைகளையும் பாயின் இருபுறமும் அசைய முடியாமல் கட்டியதுதான். அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"அவுத்து உடுடி. ஆத்தா ஒன்ன சும்மா உடாது."

"அவுக்க மாட்டேன் தாயி. இப்ப நல்லா திட்டிக்க. அப்பறமா கண்ணாடியப் பாத்துட்டு என்னக் கும்புடுவ."

கொதிக்க வைத்து ஆறிய நீரில் பஞ்சைத் தொட்டு என் கண் இமைகளைத் துடைத்துக்கொண்டே இருப்பார். கை வலித்தால் கையை மாற்றிக்கொள்வார். விடிந்ததும் என் முகத்துக்கு மேல் குனிந்து, "இன்னிக்கு நெத்தியில மூணு காஞ்சிடிச்சி, தாடையில ஒண்ணு உதுந்திடிச்சி" என்று கடைத்தெருச் செய்தி சொல்வது போல் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய அன்று கண்ணாடி பார்த்தேன். இடது காதோரம் இரண்டே இரண்டு தழும்பு. அக்காவைக் கும்பிடத்தான் செய்தேன். "எனக்கு யாரும் கையக் கட்டலடி, அவுங்களுக்குத் தெரியல" என்றார். அவ்வளவுதான். அதில் அழுகையோ குறையோ எதுவும் இல்லை.

அடுத்த வருடம் தம்பி பிறக்கும்போது அம்மாவுக்கு ரொம்பவும் முடியாமல் போய், ரயிலேற்றிக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துணைக்கு அக்கா போய்ப் பத்து நாள் இருந்தார். திரும்பி வந்தவர் தம்பியைப் பற்றிப் பேசியதைவிட அங்கிருந்த நர்சுகளைப் பற்றிப் பேசியதுதான் ஜாஸ்தி. நோயாளி படுத்திருக்கும்போதே அவரை எழுப்பாமல் கீழே இருக்கும் துணியை எப்படி மாற்றுகிறார்கள் தெரியுமா என்று, என்னைப் படுக்க வைத்து உருட்டி உருட்டிக் காட்டினார். ஒரு மாதம் நான் அந்த வீட்டில் நிம்மதியாகப் படுக்கவில்லை.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் மாப்பிள்ளை வந்தார். ஆம், வந்தார். சேத்தியாத்தோப்பில் ஜில்லா போர்டு ஸ்கூல் வாத்தியார். தகப்பனார் இல்லை, தாயார் மட்டும். தழும்பைப் பற்றித் தரகர் முன்கூட்டியே சொல்லியும், 'பார்ப்போம்' என்று பஸ் ஏறி வந்தார்கள்.

பெண் பார்க்க வந்தால் பெண் வந்து மாப்பிள்ளையின் தாயார் காலில் விழ வேண்டும். அவர் தோளைத் தொட்டு எழுப்புவார். பெண் உள்ளே போய்விட வேண்டும். அக்கா வந்தார், விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் தோளைத் தொட்டார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. மயக்கம் போட்டுவிட்டாள் என்று அம்மா எழுந்து ஓடி வந்தார். அக்கா அந்த அம்மாளின் புடவைக் கரையை இரண்டு விரலால் ஒதுக்கிக் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தினி நாளா இருக்குது?"

"ஆறு மாசமா இருக்குதும்மா" என்றார் அந்த அம்மாள், பெண் பார்க்க வந்ததையே மறந்து.

"மேல என்னா வச்சிருக்கீங்க?"

"காப்பித்தூள்."

"காப்பித்தூள குடிக்கத்தான் வைக்கணும்" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "வெந்நீர் கொண்டா, உப்புப் போட்டு" என்றார்.

பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் புதுப் பித்தளைத் தட்டில் அந்தக் காலை வைத்து, ஆறு மாதத்துப் புண்ணைக் கழுவினார் அக்கா. அப்பா சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளை உத்தரத்தைப் பார்த்தார். வெள்ளைத் துணி சுற்றி முடித்த பிறகுதான் அந்த அம்மாள் அக்காவின் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "இந்தப் பொண்ணுதான் எனக்கு வேணும். நீங்க நாள் பாருங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் அக்காவைக் கேட்டேன். "மாப்ள எப்படி இருக்காரு?"

"மாப்ளயா? நான் எங்க பாத்தேன்" என்றார் அக்கா. "அந்தக் காலு ஆற இன்னும் ஒரு மாசம் ஆவும்."

நான் பார்த்திருந்தேன். வெந்நீர்ச் செம்போடு நின்ற இடத்திலிருந்து நன்றாகவே பார்த்திருந்தேன். அதை அக்காவும் பார்த்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு வருவதாகச் சொல்லி அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து காலைக் காட்டிவிட்டுப் போவார். நான்காவது வெள்ளிக்கு முதல் நாள் அக்கா அப்பாவிடம் போய், கல்யாணம் வேண்டாம், கடலூரில் நர்சுக்குப் படிக்கப் போகிறேன், பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். "கண்டவன் மலமூத்திரம் அள்ளறது நம்ம வூட்டுப் பொண்ணு செய்யற வேலையா? ஆம்பளைங்க மத்தியில நிக்கப் போறியா?"

"வூட்ல இவ்ளோ நாளா அதத்தானப்பா செஞ்சேன். அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அக்கா.

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். வார்த்தை கொடுத்தாகிவிட்டது. வந்த ஒரே வரன். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இவளே கதவைச் சாத்துகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தாளில் கையெழுத்து விழாவிட்டால் அக்கா கடலூருக்குப் போக முடியாது. விழுந்தால் எங்கள் குடும்பம் சேத்தியாத்தோப்புப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த அம்மாள் வந்தார். கட்டை அவிழ்த்தால் புண் மூடி, புதுத்தோல் ரோஜா நிறத்தில் இருந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே விஷயத்தை அவரிடமே சொல்லிவிட்டார். "எனக்கு இது புடிச்சிருக்குதும்மா. ஒங்க காலு ஆறிடிச்சி. ஒங்க வூட்டுக்கு வந்தா அப்பறம் நான் என்னா பண்ணுவேன்?"

அந்த அம்மாள் புடவைக் கரையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கடையிலிருந்து அப்பாவை வரவழைத்தார்.

"அண்ணே, எங்க தெருவுல மட்டும் இந்த மாதிரி காலோட எத்தினி பேரு இருக்காங்க தெரியுமா? இவள ஒரு வூட்டுல கட்டிப் போடறது ஞாயமில்ல. கையெழுத்தப் போடுங்க. எனக்கு மருமவ வேணும். வெந்நீர் கொண்டாந்துச்சே, அந்தச் சின்னதக் குடுங்க."

அப்பா கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள்தான் என் மாமியார். உத்தரத்தைப் பார்த்தவர்தான் என் கணவர். என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை இந்த மலரில்தான் முதல்முறையாகப் படிக்கிறீர்கள்.

மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கல்யாணம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பெண் மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள் என்று சொன்னால் அவர்களுக்கு அவமானம். அக்காவைப் பார்க்க வந்தவர் தங்கையைக் கட்டினார் என்றால் எனக்கு இளப்பம். அதனால் அப்பா தழும்பின் மேல் பழியைப் போட்டார். அக்காவிடம் கேட்டபோது, "சொல்லிக்குங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சி" என்றார்.

கடலூரில் தேர்வுக்கு வந்திருந்த பெண்களை, ஏன் நர்ஸாக வேண்டும் என்று கேட்டார்களாம். எல்லோரும் சேவை, தொண்டு என்றார்கள். அக்கா மட்டும், "புண்ணு ஆறறதப் பாக்க எனக்குப் புடிக்கும்" என்றாராம். கேட்ட வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்ததாக அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அதன் பிறகு அக்கா வாழ்ந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். கடலூரிலும் சிதம்பரத்திலும் இன்னும் பல ஊர்களிலும் வேலை பார்த்துத் தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றார். விடுமுறைக்கு வந்தால் என் மாமியாரின் காலைத்தான் முதலில் பார்ப்பார். மாமியார் கண் மூடும்வரை என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் உடம்புக்கு ஏதாவது என்றால், "பெரியவளுக்குக் காயிதம் போடு" என்பார். அக்காவுக்குக் கோபம் ஜாஸ்தி. அழுக்குக் கையோடு குழந்தையைத் தூக்கினால் யார் எவர் என்று பார்க்க மாட்டார். திட்டு வாங்காதவர் இந்தக் கூட்டத்தில் யாரும் இருக்க முடியாது.

கடைசி இரண்டு மாதம் என் வீட்டில்தான் படுத்திருந்தார். துணி மாற்ற நான் தடுமாறினால், "உருட்டுடி, தூக்காத. அன்னிக்கே சொல்லிக் குடுத்தேன் இல்ல" என்பார். ஒரு நாள் பிற்பகல், கஞ்சி கொடுத்துவிட்டு, ஐம்பது வருடமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, நான் அவர பாத்தத நீ பாத்துட்டுத்தான் வேணாம்னியா? எனக்காக உட்டுக்குடுத்தியா?"

"நீ பாத்தது தெரியும். செம்புத் தண்ணிய அப்பா கால்ல ஊத்துனியே" என்று சிரித்தார். "ஆனா ஒனக்காக நான் செஞ்சது கையக் கட்டுனது ஒண்ணுதான். அவர வேணாம்னது எனக்காவ. எம் பொழப்ப யாருக்கும் தானம் பண்ணல, நல்லா அனுபவிச்சேன். தியாகம் கியாகம்னு எழுதி வைக்காதீங்க."

எழுதவில்லை அக்கா. அடித்துவிட்டேன்.

அக்காவின் கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், முறை வைத்து வந்து நின்ற நர்ஸ் பெண்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்த என் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டபோது, "எழுது. நான் உத்தரத்தப் பாக்கல, ஒன்னதான் பாத்தேன், அதையும் சேத்து எழுது" என்று சொன்ன என் கணவருக்கும் நன்றி. எழுபத்தெட்டு வயதில் சொல்கிறார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அச்சகத்தார் அட்டைப் படத்தில் அக்காவின் முகத்திலுள்ள தழும்புகளைக் கம்ப்யூட்டரில் அழித்துத் தருவதாகச் சொன்னார்கள். கூடாது, ஒன்றைக்கூடத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். என் மாமியார் மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்து, முதலில் பிடித்திருக்கிறது என்று சொன்னது அந்த முகத்தைத்தான்.