அக்காவுக்குக் கேட்காத விசில்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. பாடுபவர் எச்சில் விழுங்கினால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. காதுதான் முன்போல இல்லை. வீட்டில் வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் கூவுவது நின்றுபோய் வெகுநாளாகிறது. மெஷின் பழுது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அவள் தம்பி, பழைய தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிப்பவன். சிலநூறு வருடங்களாக அங்கேயே நிற்கும், குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் ஆர்கன். குழல்கள் மாடத்திலிருந்து கூரைவரை அடுக்கடுக்காக ஏறும். பழுதுபார்க்க அதைப் பிரித்து எடுத்துப் போகப் போகிறார்கள் என்றதும் அக்காவிடம் ஓடி வந்தான்.

"பிரிச்சு மாட்டினா இதே குரல் வருமான்னு யாருக்கும் தெரியாதுக்கா. முந்நூறு வருஷத்துக்கு முந்தின பரோக் காலத்து இசையை அந்தக் காலத்து ஆர்கன்லயே வாசிச்சுப் பதிவு பண்ணிடணும். நீதான் பண்ணணும்."

"ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"உன் காதை நம்பித்தானே வாசிக்கவே உட்கார்றேன்."

அப்போதே மறுத்திருக்கலாம். வாய் வரவில்லை.

உயரமான கம்பங்களில் மைக்குகளை ஏற்றிக் குழல்களுக்கு அருகே நிறுத்தினாள். கதவுகளைச் சாத்தச் சொன்னாள். "பெஞ்ச் முனகுது, திரும்ப வாசி." "வெளியே பஸ் போகுது, நிறுத்து." தம்பி சலிக்காமல் வாசித்தான். காற்றடிக்கும் மோட்டார் அவன் முதுகுக்குப் பின்னாலேயே உறுமிக்கொண்டிருந்ததால், மேலே குழல்களில் நடப்பது அவனுக்குக் கேட்கவில்லை. பதிவு முடிந்ததும் குழல்களைத் துணியில் சுற்றி லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

அதன்பிறகுதான் வீட்டில் நிதானமாகக் கேட்டிருக்கிறான். வந்த வேகத்தில் ஹெட்போனை அக்கா தலையில் மாட்டினான்.

"கேக்குதா?"

"என்னது?"

"விசில்க்கா. மேல் வரிசையில ஏதோ சின்னக் குழல்ல காத்து கசிஞ்சிருக்கு. முழுக்கக் கூவிட்டே இருக்கு."

அவள் சத்தத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தாள். "ஆமா, லேசா இருக்கு. கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம்" என்றாள்.

ஒலியைப் படமாகக் காட்டும் திரையில் அந்த விசில் தலைமுடிபோல ஒரு கோடாகத் தெரிந்தது. காதால் செய்ய வேண்டியதைக் கண்ணால் செய்தாள். அழித்த பிறகும் அவளுக்கு எல்லாம் முன்போலவே ஒலித்தது. தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது.

"விசிலோட சேர்த்துப் பளபளப்பையும் எடுத்துட்டியே. போர்வையைப் போத்திட்டு வாசிச்ச மாதிரி இருக்கு. தெரியலையா உனக்கு?"

"தெரியலைடா. கேக்கவே இல்ல. ரொம்ப நாளாவே."

தம்பி எழுந்து நின்றான். "முன்னாடியே சொல்லியிருந்தா உன்கூட இன்னொருத்தரை உட்கார வச்சிருப்பேனே! இனிமே அந்தக் குரலுக்கு எங்க போறது?"

"சொல்லியிருந்தா என்னை எதுக்குடா கூப்பிட்டிருப்பே?"

அவன் கிளம்பிவிட்டான். விசிலை அப்படியே விட்டுத்தான் பதிவை வெளியிட்டான்.

காது டாக்டர், போன கேட்கும் திறன் திரும்பாது என்றார். கூடத்தில் அவளே விஷயத்தைச் சொன்னாள். இப்போது மைக் வைப்பது அவள். ஹெட்போன் போட்டு உட்கார்வது வேறொரு பெண்.

பழுதுபார்த்த ஆர்கன் திரும்பி வந்தபோது தம்பி வேறு ஒலிப்பதிவாளரை வைத்துக்கொண்டான். இவள் கூப்பிடாமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வாசித்து இறங்கியவன் அவளைப் பார்த்துத் தயங்கினான்.

"எப்படி இருந்துச்சு?"

"எனக்குக் கேட்ட வரைக்கும் நல்லா இருந்துச்சு."

தலையாட்டிவிட்டு, புது ஒலிப்பதிவாளரிடம் போய் நின்றான்.