சூட்டு உடம்புக்காரர்கள்

என் மாமியார் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் போனாலும் அதற்கு ஒரே பெயர்தான்: சூடு. மூக்கில் வடிந்தாலும் சூடு, மாதவிலக்கு நிற்காமல் போனாலும் சூடு. மாம்பழத்தை நிறுத்து, கோழியை நிறுத்து, வெந்தயத்தை விழுங்கு. வேப்பனப்பள்ளியில் சொந்த மாந்தோப்பை வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகளை மட்டும் பழத்தை மோந்துகூடப் பார்க்கவிடாத குடும்பம். ஆண்கள் கொட்டைவரை சப்பிப் போடுவார்கள்.

என் மகளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். மறுநாள்வரை ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் சரியாக உறையாத கோளாறு பரம்பரையாக வந்திருக்கலாம், பரிசோதித்துவிடுங்கள் என்றார் ஓசூர் டாக்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கலெக்‌ஷன் சென்டர். கண்ணாடிக் கதவுக்கும் ஏசிக்கும் குறைச்சலில்லை. அங்கிருந்தவன் என் மகளின் ரத்தத்தை மீன் மாதிரி ஐஸ் பெட்டிக்குள் அமுக்கி பெங்களூருக்கு அனுப்பினான். உறைய வைக்கும் சத்து அநேகமாக இல்லவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"பாத்தியா, எல்லாம் உங்க தெக்கத்தி ரத்தம். எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு கெடயாது" என்றார் மாமியார். நான் விருதுநகர்ப் பக்கம். ஃபேக்டரி வேலைக்கு ஓசூர் வந்தவள், இவர் மகனைக் கட்டிக்கொண்டேன். அந்த மகன் அப்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எது நடந்தாலும் அந்த மனிதருக்கு டிவியில் ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பெங்களூர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இந்தப் பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்கவே கூடாதாம். வைத்தால் இருக்கிற சத்தும் குறைந்துபோகுமாம். எங்கள் மூவரையும் நேராக லேபுக்கே வரவழைத்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கு ஒரு கோளாறும் இல்லை. மகளுக்குக் குறைவுதான், ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. அவள் அப்பாவுக்கும் அதே குறைவு. பெண்களுக்கு மாதாமாதம் தெரிந்துவிடும், ஆண்கள் தெரியாமலேயே காலத்தை ஓட்டிவிடுவார்கள் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியாருக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை.

"மொத லேபு தப்புன்னா இதுவும் தப்புதான். வெளிய மூச்சு விடாத. பேத்திக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கறோம்."

பேத்தி என்றது என் நாத்தனாரின் பெண்ணை. என் மகளும் பேத்திதான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. முதல் ரிப்போர்ட்டை ஊரெல்லாம் பரப்பிய வாய் அது. "அம்மா சொல்றதும் நாயந்தான" என்றார் கணவர். அவர்மேல் எனக்கு மிச்சமிருந்த மரியாதையும் அன்றோடு போயிற்று.

தன் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியார் அன்று மாலையே கிளம்பிப் போனார். நாத்தனாரும் சூட்டு உடம்புக்காரிதான். வருஷக்கணக்காக ரத்தம் போய் வெளுத்துக் கிடந்தாள். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் காலையில் போன் செய்தேன். கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பேசினாள். லேபில் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"அண்ணி, பல்லு புடுங்குனப்ப, பிரசவத்துல எல்லாம் ரத்தம் நிக்காம போச்சான்னு டாக்டரு கேட்டாங்க. அம்மா பக்கத்துலயே நின்னுச்சு. பயத்துல அப்பிடி ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டன்."

"ஆபரேஷன் என்னைக்கு?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல. வெறும் வயித்துல இருக்கச் சொல்லியிருக்கறாங்க. இப்பப் போயி வேணாம்னா அம்மா என்னக் கொன்னுபோடும்."

"உங்கம்மா எங்க?"

"காப்பி குடிக்கப் போயிருக்குது."

"பக்கத்துக் கட்டில்ல திங்க ஏதாச்சும் இருக்கா?"

"இட்லி வச்சிருக்கறாங்க."

"கேட்டு வாங்கித் தின்னு. தின்னுட்டேன்னு நர்ஸுகிட்ட நீயே சொல்லு. இன்னைக்குக் கத்தி வைக்க மாட்டாங்க. நான் இப்பவே பஸ் ஏறுறேன்."

அவள் மெல்லுகிற சத்தம் காதில் கேட்கும்வரை நான் போனை வைக்கவில்லை.