நட்சத்திரம் மாட்டாத டிசம்பர்

நட்சத்திரம் மாட்டாமல் விட்டால் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடு அடையாளம் தெரியாது, அடுத்த வீட்டோடு திரும்பிப் போய்விடும் என்று நம்பினேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில், அடுத்தவர் செய்த உதிரிபாகங்களில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன். என் மூளையில் இருந்த குறை மட்டும் என் கண்ணில் படவில்லை.

விவேக் நகர்ப் பக்கம் எங்கள் தெருவில் டிசம்பர் ஒன்றாம் தேதி சாயங்காலமே கத்தோலிக்க வீடுகள் எல்லாவற்றிலும் நட்சத்திரம் ஏறிவிடும். அது ஏறியதுதான் தாமதம், செலவு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சோபாவில் உட்காரும்.

எனக்கு இயேசுவோடு எந்தத் தகராறும் இல்லை. அவர் மாட்டுக் கொட்டகையில் வாடகை இல்லாமல் பிறந்தவர். அவருடைய பிறந்தநாளைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களே, அவர்களோடுதான் என் தகராறு. தீபாவளித் தள்ளுபடி பேனரை அவிழ்த்த ஆள் ஏணியை விட்டு இறங்காமலே கிறிஸ்துமஸ் பேனரைக் கட்டுகிறான். மாலுக்குள் போனால் பஞ்சால் செய்த பனி. பெங்களூரில் எவன் தலையில் பனி கொட்டியது? ஓசூர் ரோட்டுத் தூசிதான் கொட்டும். அந்தப் பஞ்சுக்கு நடுவில் நின்று என் மகள் தேர்ந்தெடுக்கும் கவுன் ஒரே ஒரு பூசையைப் பார்க்கும், பிறகு பீரோவில் நல்லடக்கம். போன வருஷம் கம்பெனியிலும் விடவில்லை. எச்.ஆர். பெண் என் மேஜைக்கு வந்து, "சார், நீங்கதானே கிறிஸ்டியன்? தொப்பையும் ரெடியா இருக்கு, நீங்களே சான்ட்டா," என்றாள். வாடகைக்கு எடுத்த சிவப்பு அங்கியில் அதற்கு முந்தைய சான்ட்டாவின் வியர்வை வாசனை மிச்சம் இருந்தது. பரிசுப் பரிமாற்றத்தில் நான் ஒரு காபி மக் கொடுத்தேன், எனக்கு ஒரு காபி மக் வந்தது. அந்த மொத்தக் கட்டடத்திலும் அன்று மக்குகள் மேஜை மாறின. வேறொன்றும் நடக்கவில்லை.

ஆக, இந்த வருஷம் நவம்பர் கடைசி ஞாயிறு, இட்லிக்கு முன்னால் அறிவித்தேன். கேக் இல்லை, புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். பையன்கள் உளறினால் முழுசாக உளறி முடிக்க விட்டுப் பிறகுதான் திட்டுவாள். என்னையும் முடிக்க விட்டாள்.

"மால் வேணாம், ஒத்துக்கறேன். துணியும் வேணாம். நட்சத்திரமும் கல்கல்லும் உங்களை என்ன பண்ணிச்சு?"

கல்கல் என்பது எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற இனிப்பு. மைதாவைச் சின்ன உருண்டையாக்கி, அதற்கென்றே வாங்கிய புதுச் சீப்பின் மேல் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் போடுவது. அவளும் மகளும் ஒரு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து உருட்டுவார்கள். அவளுக்கு டிசம்பர் என்றால் அந்த ஒரு நாள்தான்.

"கொள்கைன்னா முழுசா இருக்கணும்," என்றேன்.

"சரி. நட்சத்திரம் இல்லாத வீட்ல நான் பண்டிகைக்கு இருக்க மாட்டேன். இருபத்தி நாலு காலைல இவளைக் கூட்டிக்கிட்டு ஒக்கலிபுரம் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"அப்பா, இது கொள்கையா, கஞ்சத்தனமா?" என்றாள் மகள்.

"ரெண்டுக்கும் நடுவுல."

இருபது வருஷத்தில் ஒக்கலிபுரம் போகிறேன் என்று அவள் குறைந்தது நூறு முறை மிரட்டியிருப்பாள். ஒரு முறையும் அந்தப் பக்கம் போகிற மெஜஸ்டிக் பஸ் ஏறியதில்லை. அந்த தைரியத்தில் இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.

முதலில் இஸ்திரிக்காரர். டிசம்பர் மூன்றாவது வாரம் துணி கொடுக்கப் போனபோது பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "மனேலி எல்லா ஆராமா, சார்?" என்று கன்னடத்தில், தணிந்த குரலில், வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டார். எல்லாரும் சௌக்கியம் என்றேன். அவர் நம்பவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே கரோல் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். டிரம், கிட்டார், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவர், காணிக்கைக் கவர். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். இரண்டு வீடு தள்ளியே டிரம் நின்றது. மொத்தக் கூட்டமும் என் கேட்டை நுனிக்காலில் கடந்தது. தாத்தா மட்டும் ஒரு நிமிஷம் நின்று, தாடியைக் கீழே இறக்கிவிட்டு, என் வீட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். என் வீட்டைத் தாண்டியதும் டிரம் மறுபடி அதிர்ந்தது.

எனக்கு ஒரே குஷி. திட்டம் பலித்துவிட்டது! கவர் மிச்சம், காபி மிச்சம்!

மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், வாசலில் எங்கள் அன்பியத்துப் பெண்கள் நான்கு பேர். அன்பியம் என்றால் தெருவாரியாகப் பங்குக் கோயில் பிரித்து வைத்திருக்கும் குடும்பக் குழு. அதன் தலைவி ரிட்டயர்டு நர்ஸ், தெருவில் யாருக்கு எவ்வளவு சுகர் என்பதுவரை அத்துப்படி. கையில் வெள்ளைத் துணி மூடிய எவர்சில்வர் தட்டு. துணியைத் தூக்கினார். அதிரசம், அச்சு முறுக்கு, கல்கல்.

"எப்ப தம்பி ஆச்சு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் மாட்ட மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். பலகாரத்தை அக்கம்பக்கம்தான் கொண்டுவந்து கொடுக்கும். இதே தெருவில் இதே மாதிரித் தட்டை நானே மூன்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நுகர்வுக் கலாச்சாரத்தை எதிர்த்த மும்முரத்தில் மறந்து தொலைத்தேன்.

"அம்மாதானே?" என்றார் தலைவி. "நவம்பர்ல ரெண்டு வாரம் விடாம திருப்பத்தூர் ஓடினியே, அப்பவே எனக்குத் தோணிச்சு."

அம்மாவுக்குப் பல் செட் கட்ட ஓடினேன். அம்மா அந்த நிமிஷம் திருப்பத்தூரில் அந்தப் புதுப் பல்லால் முறுக்கு கடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "யாரும் சாகலைங்க, காசு மிச்சம் பிடிக்கத்தான் மாட்டலை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாலு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. ஒருவர் ஏற்கெனவே மூக்கைச் சிந்திவிட்டார்.

"போன மாசம்," என்றேன்.

பெற்ற தாயை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டேன். தலைவி அம்மாவின் பெயரைக் கேட்டார், ஸ்பெல்லிங் உட்படச் சொன்னேன். தட்டை வாங்கிக்கொண்டேன். மனைவி ஸ்கூலிலிருந்து வந்து தட்டைப் பார்த்து, "யாரு இவ்வளவு சீக்கிரம்?" என்றாள். "அன்பியத்துல ஏதோ புதுப் பழக்கம்," என்றேன். அவள் தட்டைத் துணியால் மறுபடி மூடினாள். அதிரசத்தைத் தொடவில்லை.

ஞாயிறு பூசையில் சாமியார் வழக்கம்போல் வேண்டுதல் கருத்துகளை வாசித்தார். இன்னார் நோய் நீங்க, இன்னார் பரீட்சையில் தேற. அடுத்து, அண்மையில் இறைவனடி சேர்ந்த என்று தொடங்கி, என் அம்மாவின் பெயரை, எனக்கே பழக்கமில்லாத மரியாதையோடு வாசித்து, அவர் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்றார். கோயில் மொத்தமும் வேண்டிக்கொண்டது. மகள் என்னைப் பார்த்தாள். மனைவி பீடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வெளியே வந்ததும் போனை எடுத்தாள்.

"அத்தை, எப்படி இருக்கீங்க? இங்க உங்களைப் புதைச்சிட்டாங்க. ஆமா, உங்க பிள்ளைதான்."

ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன்டா," என்றாள் அம்மா. "பெட்டி வாங்கினியா, அதையும் மிச்சம் புடிச்சியா?"

அன்றைக்கு மத்தியானமே கடைக்கு ஓடினேன். பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைக்காரன் சொல்வதுதான் விலை. சீரியல் லைட் வைத்த, சுற்றுகிற, பாட்டுகூடப் பாடுகிற ஒரே ஒரு நட்சத்திரம் மிச்சம் இருந்தது. பேரம் பேசவில்லை. நான் எதையெல்லாம் திட்டினேனோ அது அத்தனையும் சேர்ந்த அந்தப் பொருளை ஸ்டூல் மேல் ஏறி நின்று மாட்டினேன்.

அரைமணியில் தலைவி வந்துவிட்டார். "பெத்தவ போய் நாப்பது நாள்கூட ஆகல, பாட்டுப் பாடற நட்சத்திரமா? வெக்கமா இல்ல?"

இதற்குமேல் முடியாது. ஸ்டூலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நிதானமாகக் கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார்கூட என் பாவங்களை அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

"உயிரோட இருக்கற பொம்பளைக்காக நான் நாலு நாளா ஜெபமாலை சொல்லியிருக்கேன்," என்றார். "தட்டைக் குடு."

கொடுத்தேன். மூன்று அதிரசம் மிச்சம் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

இருபத்து நாலாம் தேதி காலை மனைவி பையை எடுத்து வைத்தாள். அது அளவில் பெரிய பை.

"அதான் மாட்டிட்டேனே," என்றேன்.

"அதை ஊருக்குப் பயந்து மாட்டினீங்க. நான் கேட்டப்ப மாட்டல."

"நானும் வரட்டுமா?"

"அங்க கல்கல் உருட்டறோம். கேக் இருக்கும், புதுத்துணி இருக்கும். உங்க கொள்கைக்கு ஒத்துக்காது."

மகள் செருப்பு மாட்டிக்கொண்டே, "அப்பா, பாட்டை எப்படி நிறுத்தறதுன்னு டப்பாவுல போட்டிருக்கு," என்றாள். போனார்கள்.

மால்களைப் பற்றியும் பஞ்சுப் பனியைப் பற்றியும் என் கருத்து இன்றுவரை மாறவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் சண்டைக்கு நிற்பேன். ஆனால் நடந்தது இதுதான்: கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்குத் தனியாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பண்டிகை என்று தெருமுனை மெஸ் மூடியிருந்தது. மத்தியானம் ரசம் வைத்து அப்பளம் சுட்டுச் சாப்பிட்டேன். ஒக்கலிபுரத்திலிருந்து போன் வரவில்லை, நானும் பண்ணவில்லை. அவர்கள் இருவரும் இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் திரும்பி வந்தார்கள்.