அழியவிருந்த தடயம்

மருத்துவமனையின் பெரிய கணினியில் பிழை தேடுவதே இருபத்திரண்டு வருடமாக அவளுடைய வேலை. அன்று காலை 10.42க்கு, ஆய்வக முடிவுகளை வார்டுகளுக்குக் கொண்டுபோகும் செய்திகள் நகராமல் வரிசையில் நின்றுவிட்டன. முந்தின நாள் அவற்றை அனுப்பும் நிரலில் ஒரு வரியை மாற்றியவள் அவள்தான்.

“ரீஸ்டார்ட் பண்ணும்மா! அதுக்கும் நல்ல நேரம் பார்க்கணுமா?” என்றார் மேலாளர்.

பண்ணினால் கணினியின் நினைவகத்தில் இருக்கும் பிழையின் தடயம் அழிந்துவிடும். அவள் வேலை பிழைக்கும். ஆனால் பிழை உள்ளேயே இருந்து, இன்னொரு நாள் செய்திகளை மறுபடி நிறுத்தும்.

“நாலு நிமிஷம் குடுங்க சார். மெமரிய அப்படியே பதிவெடுத்துக்கறேன். அதுவரைக்கும் லேப்ல இருந்து முடிவுகள போன்ல சொல்லட்டும்.”

பதிவெடுத்த பிறகே மறுபடி இயக்கினாள். செய்திகள் நகர்ந்தன. பதிவு காட்டிய இடம் அவள் மாற்றிய அதே வரி. அந்தப் பக்கத்தை அச்சிட்டு எடுத்தாள்.

“சார், இது நான் பண்ண தப்பு,” என்று அந்தத் தாளை அவரிடம் நீட்டினாள்.