சுவிஸ் மலையும் திமில் வைத்த மாடும்

கிளிநொச்சியில் கண்டி வீதியில், கைத்தொலைபேசிக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒரு பயண முகவர் நிலையம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பதாகை. 'வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய இடங்கள்' என்று மேலே எழுதி, கீழே பனிமலை, கோபுரம், கடற்கரை, ஒட்டகம் எல்லாவற்றையும் நெருக்கியடித்து அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருத்தி, இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போக எவ்வளவு செலவாகும் என்று விசாரிக்க வேண்டும் என்றாள். துணைக்கு நானும் போனேன். உள்ளே மேசையில் இருந்த பெண்பிள்ளை அவளுடைய அலுவலை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரீச்சர், நீங்கள் எங்கை போக விருப்பம்?"

சாதாரணக் கேள்விதான். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பது மாதிரி. எனக்கோ முகம் சூடாகிவிட்டது. "எனக்கோ? எனக்கு அப்பிடி ஒரு இடமும் இல்லை, பிள்ளை" என்று, களவெடுத்துப் பிடிபட்டவள் போலச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். ஒரு வகுப்பையே பார்வையால் அடக்குகிறவள் என்று எனக்குப் பெயர். ஒரு ஊரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வெயிலில் நிற்கிறேன், பாருங்கள்.

பக்கத்துக் கட்டடத்தின் பின்சுவருக்கு யாரோ சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்தில் சுண்ணாம்பு அடிக்கிறவர்களைக் காண்பதே அரிது. அந்த ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியதும் நான் மல்லாவிக்குப் போய்விட்டேன்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுக் கடல்நீரேரியைத் தாண்டி வந்து, மல்லாவியில் ஒரு தெரிந்தவரின் காணி மூலையில் கொட்டில் போட்டு இருந்த காலம் அது. சின்னச் சந்தையாக இருந்த ஊர் ஊதிப் பெருத்திருந்தது. கிளிநொச்சியை விட்டு ஓடி வந்தவர்கள், எங்களைப் போல யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள், எல்லாருக்கும் அதுதான் பட்டணம். மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லாததால் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வீதியே அணைந்த விளக்கு மாதிரி மணக்கும். வானொலி கேட்க வேண்டுமானால் சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க வேண்டும். டைனமோ சுற்றினால்தான் செய்தி வரும். மிதிக்கிறவர் களைத்தால் உலகம் நின்றுவிடும்.

அந்த நாட்களில் எங்களுக்கு வெளிநாடு என்றால் முதலில் வவுனியாதான். ஒரு காலத்தில் காலையில் பஸ் ஏறிப் பின்னேரம் திரும்பி வந்த ஊர். இப்போது அனுமதிக்குப் பாஸ் எடுத்து, பிணைக்கு ஆள் வைத்து, சோதனைச் சாவடிகளில் நின்று நின்று போக வேண்டும். அப்படிப் போய் வந்தவர் வீட்டுக்கு நாங்கள் பின்னேரம் கூட்டமாகப் போய் இருப்போம். முதல் ஆளாகப் போய் இருப்பது அம்மா.

"சந்தியிலை லைற் எரியுதோ?"

"பகலிலையும் எரியுது."

"ஐஸ்கிறீம்?"

"குடிச்சனான்."

என்ன நிறம் என்றும் அம்மா கேட்பார். போய் வந்தவர் சொல்லுவார். நாங்கள் அந்த நிறத்தைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு வருவோம்.

அப்பா இந்தக் கூட்டத்தில் வந்து இருக்க மாட்டார். அவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உலகம் முழுவதும் தன் கைபட்டுத்தான் போனது என்று ஊரில் இருந்த காலத்தில் பகிடி விடுவார். வாழ்நாளெல்லாம் நோர்வேக்கும் கனடாவுக்கும் போகும் கடிதங்களுக்கு முத்திரை குத்திய மனிதர், அதிகம் போன தூரம் கொழும்பு. அதுவும் ஓய்வூதிய அலுவலாக. மல்லாவிக்கு வந்த பிறகு பகிடியும் குறைந்துவிட்டது.

அவருக்கும் அம்மாவுக்கும் அப்போது இருந்தது ஒரே கவலை. எனக்கு இருபத்தைந்து தாண்டிவிட்டது. ஷெல் எந்த நேரம் எங்கே விழும் என்று தெரியாது. என்னை எப்படியாவது அங்கிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்கு இருந்த ஒரே கதவு கலியாணம். அப்படி இருக்கும்போதுதான் சுவிஸில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தார். அவருடைய பெரியம்மா எங்களைப் போலவே இடம்பெயர்ந்து, பக்கத்தில் யோகபுரத்தில் இருந்தார். அவர்தான் பேச்சை நடத்தினார். சாதகம் பொருந்திவிட்டது. இனி என்னுடைய படம் ஒன்று போக வேண்டும். படம் பிடித்தால் நான் கொழும்புக்குப் போய் அங்கிருந்து சுவிஸ் போவேன். பிடிக்காவிட்டால் கொட்டில்தான்.

மல்லாவிச் சந்தைக்குப் பின்னால் கிடுகால் வேய்ந்த ஸ்ரூடியோ ஒன்று இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் பாஸுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுப்பவர்கள். மற்றவர்கள் எங்களைப் போல, வெளிநாட்டுக்கு அனுப்ப. நடத்தியவர் பருத்தித்துறைப் பக்கத்து ஆள், வாய் ஓயாதவர். படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிட அவரிடம் மூன்று காட்சிகள் இருந்தன. தாஜ்மகால், பாரிஸ் கோபுரம், சுவிஸ் மலை. மூன்றையும் அவரே வரைந்திருந்தார், நிவாரணத்துக்குக் கொடுத்த நீலத் தறப்பாளில். பெயின்ற் தட்டுப்பாடு என்பதால் வானத்துக்கு நிறம் பூசவில்லை. தறப்பாளின் நீலமே வானம். எங்கள் கொட்டிலின் கூரையும் அதே நீலம்தான். மலையின் பனிக்குச் சுண்ணாம்பு. கீழே பச்சைப் புல், ஒரு மரவீடு, வீட்டுக்கு முன்னால் ஒரு மாடு. அந்த மாட்டுக்கு நல்ல உயரமான திமில் இருந்தது. அவர் கண்ட மாடு அப்படி. எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

"பின்னாலை வெறும் சீலை போதும், தம்பி" என்றார் அப்பா.

"மாப்பிள்ளை எந்த நாடு, ஐயா?"

"சுவிஸ்."

"அப்ப மலையை விடேலுமோ?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மலை இருக்கட்டும், அப்பா" என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல தெளிவாக, என் வாயாலேயே சொன்னேன்.

அந்த மலைக்கு முன்னால் நின்றபோது என்ன நினைத்தேன் என்பதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்தப் புல்லில் பங்கர் வெட்டிய மண்மேடு இல்லை என்று பார்த்தேன். அந்த வீட்டுக்குள் மனதால் போனேன். குசினி எந்தப் பக்கம் இருக்கும், யன்னலைத் திறந்தால் மாடு தெரியுமா, மலை தெரியுமா என்று பார்த்தேன். உடுப்புக் காயப்போடக் கொடி எங்கே கட்டலாம் என்றுகூட யோசித்தாயிற்று. மாப்பிள்ளையை நான் நினைக்கவேயில்லை. அவருடைய படம் எங்கள் பெட்டியில் இருந்தது. அந்த முகம் இப்போது ஞாபகம் இல்லை. அப்போதும் பெரிதாக ஞாபகத்தில் நின்றதில்லை. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். படம் எடுத்து முடிந்ததும் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, காசு கொடுத்துவிட்டு வருவதாக அப்பா பின்தங்கினார். வெளியே வேப்பமரத்தின் கீழ் அம்மா என் தோளில் உதிர்ந்திருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

பிலிம் றோல் வவுனியாவுக்குப் போய், கழுவி வர ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. ஸ்ரூடியோவுக்கு அப்பாவே போய்ப் படத்தை வாங்கி வந்து, கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார்.

மாரி தொடங்கிய நேரம் பெரியம்மா வந்தார். எங்களிடம் இருந்த ஒரே கதிரையில் அவரை இருத்தினோம். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன். குசினி என்ன குசினி, நடுவில் ஒரு சாக்குத் தொங்கும். ஒரு சொல் விடாமல் கேட்டது.

"இதைச் சொல்ல எனக்கும் வெக்கமாக் கிடக்கு" என்று தொடங்கினார். "எங்கடை தம்பி படத்தைத் தன்னோடை இருக்கிற பொடியளுக்குக் காட்டினவனாம். எல்லாரும் மாட்டைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவங்களாம்."

"ஏன், மாட்டுக்கு என்ன?" என்றார் அம்மா.

"அங்கத்தை மாட்டுக்குத் திமில் இல்லையாம்."

பெரியம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். மழைத்துளி தறப்பாளில் விழும் சத்தம் கேட்டது.

"மாட்டை விடுங்கோ. அவன் கேக்கிறான், பிள்ளைக்கு மாப்பிள்ளை வேணுமோ, சுவிஸ் வேணுமோ எண்டு."

சாக்கின் ஓரத்தால் பார்த்தேன். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பெற்றதற்காகத்தான் அந்தத் தலை குனிந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் கேள்வி பொய்யாக இருந்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். அது உண்மை. ஒரு படத்தைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவர் என் மனதுக்குள் இருந்ததைப் படித்துவிட்டார். என்னை உடுப்பில்லாமல் பார்த்துவிட்டது போல இருந்தது. தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். அம்மாதான் வந்து எடுத்துப் போனார்.

பெரியம்மா கெட்ட மனுசி இல்லை. போகும்போது ஒரு வழியும் சொன்னார். "ஆசை தெரியாத மாதிரி, சும்மா ஒரு சுவரோடை நிண்டு ஒண்டு எடுத்துத் தாங்கோ. நான் சமாளிக்கிறன்."

என்னை வெளியே அனுப்புவதற்காகத்தான் வீட்டில் எல்லாரும் நித்திரை இல்லாமல் இருக்கிறார்கள். ஆனால் போக வேண்டியவளுக்குப் போக விருப்பம் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கு அன்றும் எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

சுவரோடு நிற்கச் சொன்னாரே தவிர, எங்கள் பக்கத்தில் ஒழுங்கான சுவருக்கு எங்கே போவது? எல்லாம் மண்ணும் கிடுகும். கடைசியில் கூட்டுறவுச் சங்கக் கடையின் பக்கச் சுவர் கிடைத்தது. ஸ்ரூடியோக்காரர் விசயம் கேள்விப்பட்டு இடிந்துபோயிருந்தார். அன்றே பச்சைப் பெயின்றால் மாட்டின் திமிலை அழித்துவிட்டாராம். அதைப் பல தடவை சொன்னார். இந்தப் படத்துக்குக் காசு வேண்டாம் என்றார்.

"பிள்ளை, முகத்திலை ஒண்டும் காட்டாதை" என்றார் அப்பா, என் பக்கம் பாராமல்.

முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பது எப்படி என்று நீங்கள் ஒரு தடவை கண்ணாடியில் முயன்று பாருங்கள். நான் நிவாரண வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அந்தப் படமும் போனது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பதில் வந்தது. 'பிள்ளைக்கு விருப்பமில்லைப் போல கிடக்கு' என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். அத்தோடு அந்தக் கதவு மூடியது. அம்மா அழுதார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய், இருட்டிய பிறகு வந்தார். எனக்கு ஊருக்குள் தலை காட்ட ஒரு வருடம் பிடித்தது. பிறகு எனக்கு இங்கேயே கலியாணம் நடந்தது; நல்ல மனிதர், அது வேறு கதை.

அந்தப் பேச்சு முறிந்த பிறகு வந்த மாரியில் கொட்டில் ஒழுகிப் பெட்டி நனைந்துவிட்டது. மழை விட்ட ஒரு காலையில், அம்மா தண்ணி அள்ளப் போயிருந்த நேரம், பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். அப்பாவின் ஓய்வூதியக் கடதாசிகள் இருந்த பொலித்தீன் பைக்குள் ஒரு படம். என்னுடையது என்று நினைத்து வெறுப்போடு புரட்டினேன்.

அப்பா நின்றார். வேட்டி, வெள்ளைச் சேட், பின்னால் அதே மலை. ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கையை மாட்டின் திமிலுக்கு நேரே நீட்டி, அதைத் தட்டிக் கொடுப்பது போல வைத்திருந்தார். அந்த மாடு தன்னுடையது என்பது போல ஒரு நிலை. சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை, எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில்கூட.

வாசலில் நிழல் விழுந்தது. அவர் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"றோலிலை ஒண்டு மிஞ்சினது, பிள்ளை. வீணாப் போகும் எண்டு ஸ்ரூடியோத் தம்பி சொன்னான்."

நான் படத்தை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. பிறகு வாங்கி, வேட்டித் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தார்.

"கொம்மாவுக்குச் சொல்லாதை" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரியம்மா கதிரையில் இருந்து, மாப்பிள்ளை வேணுமோ சுவிஸ் வேணுமோ என்று கேட்ட அன்று, அவருக்குப் பின்னால் இருந்த பெட்டிக்குள் இந்தப் படம் இருந்திருக்கிறது. அந்தப் பொடியன்கள் சிரித்த சிரிப்பு அப்பாவுக்கும் சேர்த்துத்தான் விழுந்திருக்கிறது. அவர் தலை குனிந்தது எனக்காக அல்ல. ஒரே மலைக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் பிடிபட்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஈரச் சேலைகளை உதறிக் கொடியில் போட்டோம்.

சண்டை நின்று பாதை திறந்ததை அப்பா காணவில்லை. அதற்கு முதல் வருடம், அதே கொட்டிலில் கண்ணை மூடிவிட்டார். அந்தப் படம் இருந்த பெட்டியைப் பல வருடம் காப்பாற்றி வைத்திருந்தோம். கடைசி இடப்பெயர்வில் அதுவும் போனது. ஸ்ரூடியோ இருந்த இடத்தில் இப்போது உர மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். என்னுடைய இரண்டு படங்களும் சுவிஸில் யாருடைய மேசை லாச்சியிலாவது கிடக்கலாம், குப்பைக்கும் போயிருக்கலாம். என் மகள் கேட்கிறாள், "அம்மப்பா சிரிக்கவே மாட்டாரோ?" என்று. வீட்டில் மாலை போட்டு வைத்திருப்பது அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. அதில் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நேரே பார்க்கிறார். பின்னால் வெறும் வெள்ளைச் சீலை.