நாற்பத்திரண்டு வீடுகளும் ஒரு மேசை விசிறியும்

சிறிலின் இடது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி கிடையாது. கிரான் என்ற ஊரில் ஒரு நெல் ஆலையில் வயரிங் வேலை பார்த்தபோது ஒரு பிளக் செய்த உபகாரம் அது. அன்றிலிருந்து அவர் எந்தச் சுவரையும் நம்புவதில்லை. தேநீர் குடிக்கப் போன வீட்டிலும் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். இப்படிப்பட்ட ஆளை வீடுகள் பரிசோதிக்க அழைத்தது ஒரு தொண்டு நிறுவனம். அவசரத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை.

2008 ஐப்பசி. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நாற்பத்திரண்டு வீடுகள் எழும்பியிருந்தன. கடல் வந்து போக அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வீடு வர நான்கு வருடம். கிழக்கில் யுத்தமே அதற்குள் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பந்தல் போட்டாயிற்று. பதினொரு பிரமுகர்களின் பெயரைத் திகதியோடு கல்லில் வெட்டியாயிற்று. மிச்சம், வயரிங் சரியென்று சிறில் வைக்கும் கையெழுத்து.

ஒவ்வொரு வீட்டிலும் ட்ரிப் சுவிட்ச் இருந்தது. மின்சாரம் கசிந்தால், ஆள் விழுமுன் தான் விழுந்து இணைப்பை வெட்டும் பெட்டி. அதன் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று விழ வேண்டும். கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்திரண்டு ‘டக்’ கேட்டு, நாற்பத்திரண்டு சரி போட்டு, இறால் கறியோடு சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

சிறில் புதன்கிழமை வந்தார். பதினேழாம் இலக்க வீட்டு வாசலில் புஸ்பம் நின்றாள். நான்கு மாரிமழையாக இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருப்பவள். வீடு தனக்கென்று காட்டுவதற்காக, குசினிச் சுவரில், அடுப்பு வரும் இடத்துக்குப் பக்கத்தில், ஆணி அடித்து மகளின் புத்தகப்பையை முன்கூட்டியே தொங்கவிட்டிருந்தாள்.

“பிளக்கில குத்திப் பாக்க ஏதும் இரிக்கா, தங்கச்சி?”

அவள் ஓடிப்போய் ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்தாள். நிவாரணத்தில் கிடைத்தது. கொட்டிலுக்குக் கரண்ட் இல்லாததால் நான்கு வருடமாகப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

விசிறி சுழன்றது. சிறில் பொத்தானை அழுத்தினார். டக். மின்குமிழ் அணைந்தது. விசிறி சுழன்றுகொண்டே இருந்தது.

“நல்ல காத்து, அண்ணே!”

“இப்ப காத்து வரக்கூடாது, தங்கச்சி.”

வீடுகளைக் கட்டிய கொந்தராத்துக்காரர் கதிர்காமத்தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். “டக் கேட்டிச்சுத்தானே? மறுகா என்ன?”

சிறில் பெட்டியைத் திறந்து காட்டினார். பிளக்குக்குப் போகும் வயர் ட்ரிப் சுவிட்சைத் தொடாமல் சுற்றிப் போயிருந்தது. கதிர்காமத்தம்பி ஒளிக்கவில்லை. கடற்கரை மண்ணில்தான் சுவர் பூசியிருந்தார். உப்புச் சுவர் வியர்த்து, அந்த ஈரத்தில் மின்சாரம் கசிந்தது. சுவிட்ச் தினமும் விழுந்தது.

“விழுந்துகொண்டே இருந்தா சனம் என்னைத்தானே ஏசும்? அதான் அதுக்குத் தொல்லை இல்லாமச் செஞ்சிட்டன்.”

“சைன் வைக்க மாட்டன்” என்று சிறில் பேனையை மூடினார்.

புஸ்பத்துக்கு ஆத்திரம் வந்தது. “கடல் கொல்லல்ல, ஷெல் கொல்லல்ல, இந்தப் பிளக்கா அண்ணே கொல்லப் போகுது? மழை தொடங்கப் போகுது. சைன வைங்க!”

சிறில் டெஸ்டரை எடுத்து, புத்தகப்பை தொங்கிய ஆணியில் வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த சின்னக் குமிழ் சிவப்பாக எரிந்தது.

புஸ்பம் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டாள். அதை அவர் நிறுத்திய பிறகு பையைக் கழற்றித் தோளில் போட்டாள். விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினெட்டாம் வீட்டுக்குப் போனாள். பின்னேரத்துக்குள் மற்ற நாற்பத்தொரு வீடுகளிலும் அந்தந்தக் குடும்பத்தார் பார்க்க விசிறியைக் குத்தி, பொத்தானை அழுத்தியாயிற்று. எல்லா வீட்டிலும் நல்ல காற்று.

“விழாவ நடத்துங்க” என்றாள் கதிர்காமத்தம்பியிடம். “சாவி வாங்கத்தான் ஒருத்தரும் வர மாட்டம்.”

நான்கு வருடத்தில் சரியாக முடியாத வேலை பதினெட்டு நாளில் முடிந்தது. வயர்கள் சுவிட்சுக்குள்ளால் போயின. குசினிச் சுவர்களைக் கொத்தித் திரும்பப் பூசினார்கள். அதுவரை கொட்டில் கூரை ஒழுகிய இடத்தில் புஸ்பம் சட்டி வைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் மட்டும் வீடுகள் இன்றைக்கும் அந்த வெள்ளிக்கிழமையே திறக்கப்பட்டிருக்கின்றன.

குடிபோய் முதல் பெருமழைக்கு மறுநாள் காலை, புஸ்பம் குடையோடு சிறிலின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

“உங்கட பெட்டி மூணு தரம் விழுந்திட்டு, அண்ணே. மனிசர் இருட்டிலயா சமைக்கிற?”

“விசிறி?”

“அதுவும்தான் நிண்டிட்டு.”

“நல்லம்” என்று சிறில் கருவிப் பையை எடுத்தார்.

“என்ன நல்லம்?” என்று தொடங்கியவள், பதினேழாம் வீட்டு வாசல் வரை ஏசிக்கொண்டே வந்தாள்.