கடைசி வரி மட்டும் எழுதிய சீட்டு

எல்ஃப்ரீடேயின் கணவரை அடக்கம் செய்த அன்று, தேவாலயத்தில் பாட்டின் மூன்றாவது சரணத்தில் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மேலே மாடத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த கெர்லிண்டே அதைத் தன் முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டாள். அடுத்த சரணத்துக்குப் போகாமல் அதையே இன்னொரு முறை வாசித்தாள். எல்ஃப்ரீடேக்குக் குரல் திரும்பி வந்தது, பாடி முடித்தாள். ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கெர்லிண்டேயும் பிறகு அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

கெர்லிண்டே கல்யாணம் ஆகாதவள். ஞாயிறு ஆர்கன், மற்ற நாளில் பிள்ளைகளுக்கு அக்கார்டியன் பாடம், முப்பது வருடமாக இதுதான். கையில் எது இருந்தாலும், பாட்டுப் புத்தகமோ காபிக் கோப்பையோ, அதன்மேல் கட்டைவிரலால் தாளம் போடுவாள்.

நூலகத்துக்கு எழுத்தாளர் வந்து புத்தகம் வாசிக்கும் நாட்களில் பகுதிக்குப் பகுதி இடையே இசை வேண்டும். அதற்கும் அவள்தான். எழுத்தாளர் முன்னதாக அவளுக்கு ஒரு சீட்டு அனுப்புவார். பகுதி எந்த வரியில் முடியும், அதன்பின் எப்படிப்பட்ட மெட்டு, அவ்வளவுதான் அதில் இருக்கும். நடுவில் என்ன வருகிறது என்று எழுத்தாளர்கள் சொல்வதுமில்லை, வாத்தியக்காரர்கள் கேட்பதுமில்லை.

அந்த நவம்பரில் வந்தவன் ஃபோல்க்மார். இளவயதில் இரண்டு வருடம் கெர்லிண்டே வீட்டு மாடியில் குடியிருந்து அவளிடமே அக்கார்டியன் கற்றவன். இப்போது பெர்லினில் பெரிய பெயர்.

நூலகத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த எல்ஃப்ரீடே கெர்லிண்டேயைக் கண்டதும் சீண்டினாள். "என்னடி, புதுச் சட்டை, மடிப்புகூடக் கலையல! மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி நிக்கிற?"

"சும்மா இரு எல்ஃபி. என்கிட்ட படிச்ச பையன், ஊரே வருது. என்னைப் பத்தி ஒரு வார்த்தையாவது சொல்லுவான்ல?"

இரண்டு பகுதி வாசித்து முடித்து, மூன்றாவதை எடுத்தான் ஃபோல்க்மார். பத்திரிகையில் மாப்பிள்ளை தேடி விளம்பரம் கொடுத்த ஒரு பெண், பதில் எழுதியவனுக்காக ஸ்டேஷனில் காத்திருக்கிறாள். கையில் பிளம் கேக் டப்பா. ரயில் நிற்கிறது. ஒருவன் கதவைத் திறக்கிறான், அவளை மேலும் கீழும் பார்க்கிறான், படாரென்று கதவைச் சாத்திக்கொள்கிறான். அந்தச் சத்தத்தை ஃபோல்க்மார் வாயாலேயே செய்து காட்டினான். கூடமே குலுங்கியது. எல்ஃப்ரீடேயும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"டப்பாவின் மேல் கட்டைவிரலால் தாளம் போட்டபடி அவள் நின்றாள்" என்று அவன் தொடர்ந்தான்.

எல்ஃப்ரீடேயின் சிரிப்பு பாதியில் நின்றது. மற்றவர்கள் நிறுத்தவில்லை. சிலர் கெர்லிண்டேயைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இத்தனை வருடச் சிநேகிதிக்கும் சொல்லாத தன் கதையை, என்றோ ஒருநாள் அந்த மாடிப் பையனிடம் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருக்கிறாள் கெர்லிண்டே.

"ரயில் போய்விட்டது" என்று முடித்தான் ஃபோல்க்மார். சீட்டில் இருந்த வரி அதுதான். பக்கத்தில், 'குதூகலமான மெட்டு.'

கெர்லிண்டே வாசித்தாள். ஒரு சுரம் தப்பவில்லை. ஜனங்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். எல்ஃப்ரீடே மடியில் கையைக் கோத்துக்கொண்டு, "ஆண்டவரே, ஏதாவது செய்யும்" என்று வேண்டினாள். தானே எழுந்து நிற்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

முடிந்ததும் ஃபோல்க்மார் எல்லோர் முன்னாலும் கெர்லிண்டேயைக் கட்டிக்கொண்டான். "டீச்சர், நீங்க இல்லன்னா இந்தப் புத்தகமே இல்ல!"

அவள் ஆசைப்பட்ட வார்த்தை வந்துவிட்டது.

அதன்பின் ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் யாராவது அந்தக் கதவுச் சத்தம் செய்வார்கள். "என்ன டீச்சர், இன்னிக்கு பிளம் கேக் இல்லையா?" ஈஸ்டர் கழிந்ததும் வடக்கே அக்கா வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தாள். ரயில் இருந்தும் பஸ்ஸில்தான் போனாள்.

பெட்டியைத் தூக்கி வைத்த எல்ஃப்ரீடே, ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னாள். "சத்தியமா எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பேனா?"

கெர்லிண்டே பஸ் படியில் நின்று திரும்பினாள்.

"விடு எல்ஃபி. அத்தனை சத்தத்துலயும் உன் சிரிப்பு மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுச்சு. உன் வீட்டுக்காரர் போனப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல."